வில் இல்லா வண்டி

நம் நாட்டு ஊர்களில் வில்வண்டி என்று ஒரு வண்டி ஓடியது. பாரம் ஏற்றும் கட்டைவண்டிக்கும் அதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, அச்சுக்கும் கூண்டுக்கும் இடையில் வைத்த எஃகு வில்லேயாகும். சக்கரம் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் விழும்போது எழும் அதிர்ச்சியை அந்த வில் தான் ஏற்றுக்கொண்டு, உள்ளே இருப்பவரை ஓரளவு காப்பாற்றியது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. மாடும் குதிரையும் போய் எஞ்சின் வந்தது. மரச்சக்கரம் போய்க் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் வந்தது. ஆனால் வில் மட்டும் போகவில்லை. தகடாக இருந்தது சுருளாக மாறியதே தவிர, எஃகின் நெகிழ்ச்சியை நம்பி வண்டியைத் தாங்கும் முறை மாறவில்லை. இன்றும் பெரும்பாலான வண்டிகள் அம்முறையிலேயே ஓடுகின்றன.

இந்த எஃகு வில்லை முற்றிலும் நீக்கிவிட்டு, வண்டியின் பாரம் முழுவதையும் வாயுவின் மீதும் திரவத்தின் மீதும் நிறுத்திய ஒரு மோட்டார் வண்டி 1955ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வெளிவந்தது. சிட்ரோயன் டி.எஸ். என்பது அதன் பெயர். அவ்விரண்டு எழுத்துகளையும் பிரெஞ்சு மொழியில் சேர்த்து ஒலித்தால் ‘தேவி’ என்று பொருள்படும் சொல் பிறக்கும். அந்தத் தேவியின் வரலாற்றையும், அவளை உருவாக்கியவர்கள் பட்ட பாட்டையும் நேயர்களுக்குச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அந்த நிறுவனத்தைத் தோற்றுவித்தவரைப் பற்றிச் சில சொற்கள். ஆந்திரே சிட்ரோயன் 1878இல் பாரிஸில் பிறந்தவர். அம்பு முனை போன்ற பற்களையுடைய பல்சக்கரங்களைச் செய்து தொழிலில் முன்னேறினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு அம்பு முனைகள் இன்றும் அந்நிறுவனத்தின் சின்னமாக விளங்குவதற்கு அதுவே காரணம். முதல் உலகப் போரின்போது செய்ன் ஆற்றங்கரையில் ஷவெல் என்னுமிடத்தில் பெரிய தொழிற்சாலை அமைத்துப் பீரங்கிக் குண்டுகளைச் செய்தார். போர் முடிந்தபின், 1919இல், அதே சாலையில் மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். 1925 முதல் 1934 வரை ஐஃபெல் கோபுரத்தில் மின்விளக்குகளால் தம் பெயரை எழுதி ஒளிரச் செய்தவர் அவர். அளவாகச் செலவிடுவது அவர் இயல்பன்று.

1934இல் அவர் ஒரு துணிகரமான வண்டியை வெளியிட்டார். பின்சக்கரங்களை இயக்குவதே வழக்கமாக இருந்த காலத்தில், அவ்வண்டியில் எஞ்சின் முன்சக்கரங்களை இழுத்தது. அடிச்சட்டம் வேறு, மேற்கூடு வேறு என்றில்லாமல் இரண்டும் ஒரே உடலாக இருந்தன. வண்டி மிக நன்றாக இருந்தது. ஆனால் அதற்கான செலவு நிறுவனத்தையே விழுங்கிவிட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே நிறுவனம் நொடித்தது. பெருங்கடன் கொடுத்திருந்த மிஷ்லின் டயர் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. 1935 ஜூலையில் சிட்ரோயன் காலமானார். அவருடைய வண்டியோ 1957 வரை உற்பத்தியில் இருந்தது. புதுமையைப் படைத்தவர் வீழ்ந்தார், புதுமை நிலைத்தது. இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், அடுத்து வந்தவர்கள் மீண்டும் ஒரு புதுமையில் கை வைத்தது எத்தகைய துணிவு என்பது விளங்கும்.

மிஷ்லின் நிறுவனத்தார் பியேர் பூலாஞ்சே என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். 1934ஆம் ஆண்டு வண்டிக்குப் பதிலாக வரவேண்டிய அடுத்த வண்டியைப் பற்றிய சிந்தனை, இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. போர் குறுக்கிட்டது, வேலை தடைப்பட்டது, மீண்டும் தொடர்ந்தது. 1950 நவம்பரில் பூலாஞ்சே தாமே காரை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். ஆயினும் வேலை நிற்கவில்லை. அதை முடித்தவர்கள் மூவர் என்று சொல்லலாம்.

ஒருவர் ஆந்திரே லெஃபேவ்ர். விமானப் பொறியியல் கற்றவர். காற்றைக் கிழித்துச் செல்லும் உடலும், தாழ்ந்த எடை மையமும், முன்புறம் மிகுந்த பாரமும் ஒரு வண்டியை நேர்வழியில் நிறுத்தும் என்பது அவர் கொள்கை. மற்றொருவர் ஃபிளாமினியோ பெர்த்தோனி. இத்தாலி நாட்டுச் சிற்பி. களிமண்ணைப் பிசைந்தும் வழித்தும் வடிவம் காண்பவர். மூன்றாமவர் போல் மாஜெஸ். இவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். 1925ஆம் ஆண்டில், பதினேழு வயது அளவில், நிறுவனத்தில் ஒரு சாதாரண வேலையில் சேர்ந்து, வரைபடம் எழுதும் பிரிவுக்கு உயர்ந்து, தாமே கற்றுத் தேர்ந்தவர். பெருந்தேருக்கு அச்சாணி எப்படியோ அப்படியே இவ்வண்டிக்கு அவர் அமைந்தார். எஃகு வில்லை நீக்கும் வழியைக் கண்டவர் அவரே.

அவர் கண்ட வழி என்ன? எஃகு வில்லில் உள்ள குறையை முதலில் பார்ப்போம். ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும்போது மென்மையாக இருக்கும்படி வில்லை அமைத்தால், ஐந்து பேர் ஏறிப் பெட்டிகளையும் ஏற்றியவுடன் வண்டியின் பின்புறம் தரையை நோக்கித் தாழ்ந்துவிடும். ஐவரைத் தாங்கும்படி விறைப்பாக அமைத்தால், தனியே செல்பவருக்கு இடுப்பெலும்பு நோகும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில் சமாதானம் செய்துகொள்வதே வழக்கம்.

மாஜெஸ் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எஃகினாலான ஒரு சிறு கோளத்தை அமைத்தார். ஏறத்தாழ ஒரு தேங்காயளவு இருக்கும். அதனுள்ளே ரப்பர்த் திரை ஒன்று குறுக்கே கட்டப்பட்டிருக்கும். திரைக்கு ஒருபுறம் நைட்ரஜன் வாயு; மறுபுறம் திரவம். சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது, அதனோடு இணைந்த தண்டு, உருளைக்குள் உள்ள திரவத்தைக் கோளத்துக்குள் தள்ளும். திரவம் சுருங்காது, ஆகவே திரையை அழுத்தும், வாயு சுருங்கும். மேட்டைக் கடந்ததும் வாயு விரிந்து சக்கரத்தைப் பழைய நிலைக்குக் கொணரும். ஆகவே வில்லின் வேலையைச் செய்வது வாயு. வாயுவை அழுத்த அழுத்த அதன் எதிர்ப்பு மிகும் என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் பாயில் கண்ட உண்மை. சிறு குலுக்கலுக்கு மென்மையாகவும், பெரிய அடிக்கு விறைப்பாகவும் நிற்கும் வில் இவ்வாறு கிடைத்தது. திரவம் செல்லும் வழியில் உள்ள சிறு துளைகள், வண்டி மேலும் கீழும் தொடர்ந்து ஆடாதபடி அடக்கிவிடும்.

இது பாதிக் கதைதான். மறுபாதி, உயரத்தைச் சரிசெய்யும் அமைப்பு. வண்டியில் ஆட்கள் ஏறினால் அது சற்றே தாழ்கிறதல்லவா? அந்தத் தாழ்வை உணர்ந்த ஒரு வால்வு திறந்துகொள்ளும். எஞ்சினால் இயங்கும் பம்பு தரும் அழுத்தத்தில் மேலும் திரவம் உள்ளே பாயும். வண்டி பழைய உயரத்துக்கு எழும்பும். ஆட்கள் இறங்கினால் மிகுதித் திரவம் திரும்பித் தொட்டிக்குப் போய்விடும். வண்டியில் ஒருவர் இருந்தாலும் ஐவர் இருந்தாலும் தரையிலிருந்து உயரம் ஒன்றே. இந்தத் திரவத்தின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு என்றால், இதற்கான உருளைகளையும் தண்டுகளையும் எத்துணை நுட்பமாகக் கடைந்திருக்க வேண்டும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நெடுநேரம் நின்ற வண்டி மெல்லத் தாழ்ந்து தரையோடு படுத்திருக்கும். எஞ்சினை இயக்கியதும், பசு எழுந்திருப்பதுபோல, முதலில் பின்புறமும் பிறகு முன்புறமுமாக எழுந்து நிற்கும். வண்டிக்குள் உள்ள ஒரு நெம்பியைத் திருப்பினால், கரடுமுரடான பாதையில் செல்வதற்கு மேலும் உயர்த்திக்கொள்ளலாம். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால், வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, பக்கத்தில் ஒரு தாங்கியைக் கொடுத்து, நெம்பியைத் தாழ்ந்த நிலைக்குத் தள்ளினால் போதும். அப்பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டுத் தாமே எழும்பிவிடும். ஜாக்கியை இயக்கி வியர்க்க வேண்டுவதில்லை.

ஓர் அழுத்த மூலம் கிடைத்த பின்னர், அதைப் பிற வேலைகளுக்கும் பயன்படுத்தினார்கள். அதே திரவமே திருப்பு சக்கரத்துக்குத் துணை செய்தது, கியர் மாற்றியது, கிளச்சை இயக்கியது. ஆகவே கிளச்சுக்குத் தனி மிதி கிடையாது. பிரேக்குக்கும் வழக்கமான மிதி இல்லை. காளான் வடிவில் ரப்பர்க் குமிழ் ஒன்று தரையில் இருந்தது. அதைக் காலால் மெல்ல அழுத்தினாலே போதும். முன்சக்கரங்களுக்குத் தட்டுப் பிரேக்குகளை அமைத்துப் பெருமளவில் செய்யப்பட்ட வண்டிகளுள் இது ஒரு முன்னோடி. பின்புறம் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதற்கேற்பப் பின்பிரேக்கின் வலிமையும் கூடிக் குறைந்தது. அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் சிவப்பு விளக்கு உண்டு. மற்றவை நின்றாலும் பிரேக்குக்கு வேண்டிய அழுத்தம் முதலில் காக்கப்படும்படி வால்வுகளும் தனிச் சேமக் கோளமும் இருந்தன. துணிவோடு எச்சரிக்கையும் சேர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

உடலமைப்பும் புதிது. கூரை கண்ணாடி இழையால் ஆனது. முன்மூடி அலுமினியத்தால் ஆனது. மேலே எடை குறைந்ததால் எடை மையம் தாழ்ந்தது. முன்சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் அகலம், பின்சக்கரங்களுக்கிடையே 1.3 மீட்டர்தான். முன்னே அகன்று பின்னே குறுகிய அவ்வுருவம் நீரில் செல்லும் மீனை நினைவூட்டும். திருப்பு சக்கரத்துக்குக்கூட ஒரே ஓர் ஆரக்கால்தான்.

இத்தனை புதுமைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பழையது. அதுதான் எஞ்சின். காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கிடையாக அமைக்க முதலில் முயன்றார்கள். அது திருப்தி தரவில்லை. வேறு வழியின்றி, 1934ஆம் ஆண்டு வண்டியின் வழிவந்த நான்கு சிலிண்டர் எஞ்சினையே, தலைப்பகுதியை மாற்றித் திருத்தி, வைத்தார்கள். 1911 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 75 குதிரைத் திறனும் உடையது அது. புத்தம் புதிய கோயிலில் பழைய மூர்த்தியை எழுந்தருளச் செய்தது போலாயிற்று. ஆனால் காற்றை எளிதில் விலக்கிச் செல்லும் உடல் வாய்த்தமையால், அந்த எளிய எஞ்சினைக் கொண்டே மணிக்கு 140 கிலோமீட்டர் அளவுக்கு ஓட முடிந்தது.

1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் பொருட்காட்சியில் இவ்வண்டியின் திரை விலகியது. முதல் 15 நிமிடங்களில் 743 பேரும், அன்று மாலைக்குள் ஏறத்தாழ 12,000 பேரும் முன்பதிவு செய்தார்கள் என்று கூறப்படுகிறது. போரின் அழிவிலிருந்து மீண்டுகொண்டிருந்த பிரெஞ்சு மக்களுக்கு, தங்கள் நாட்டின் அறிவு மங்கிவிடவில்லை என்பதற்கு இது ஓர் அடையாளமாகத் தோன்றியது. ரோலான் பார்த் என்னும் எழுத்தாளர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதி, இக்கால மோட்டார் வண்டிகளை இடைக்காலத்துப் பெருந்தேவாலயங்களோடு ஒப்பிட்டார். 1957இல் மிலான் நகரக் கலைக் கண்காட்சியில், சக்கரங்களை நீக்கிய டி.எஸ். உடலை ஒரு பீடத்தின்மேல் சிற்பமாகவே நிறுத்திவைத்தனர்.

புகழ் வந்ததும் தொல்லையும் தொடங்கியது. இரகசியம் காப்பதற்காக, பழுது பார்ப்பவர்களுக்குக்கூட முன்னதாக எதையும் சொல்லவில்லை. வண்டி வந்து நின்றபோது, அதன் முன்மூடியைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். குழாய்கள் கசிந்தன, கசிந்தால் வண்டி தாழ்ந்து படுத்துவிடும். பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பட்டறை வைத்திருந்தவர் அதுவரை கற்ற தொழில் இங்கே உதவவில்லை. அவர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டியதாயிற்று. 1957இல் ஐ.டி. என்ற எளிய மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அவ்வெழுத்துகளைப் பிரெஞ்சில் சேர்த்து ஒலித்தால் ‘எண்ணம்’ என்று பொருள். அதில் வாயுவும் திரவமும் தாங்கும் முறை அப்படியே இருந்தது. கியரும் கிளச்சும் கையாலும் காலாலும் இயங்கும் பழைய முறைக்குத் திரும்பின. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்பதை அவர்கள் தெளிவாகவே அறிந்திருந்தார்கள்.

ஆனால் நோயின் வேர் வேறிடத்தில் இருந்தது. அதுவே திரவத்தின் இயல்பு. முதலில் பயன்பட்ட திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்தால் துரு பிடிக்கும். மயிரிழையிலும் நுண்ணிய அளவில் கடைந்த உறுப்புகளில் துரு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. இதற்கு மாற்றாக, ஈரம் உறிஞ்சாத பச்சை நிறத் தாது எண்ணெய் ஒன்றை ஆக்கி, 1966இல் புகுத்தினார்கள். பழைய ரப்பர் வளையங்களுக்கு அது ஒவ்வாது. ஆகவே வளையங்களையும் மாற்றி, தவறிக் கலந்துவிடாமல் இருக்க உறுப்புகளுக்கும் பச்சை வண்ணம் தீட்டினார்கள். அதன்பின் அந்த அமைப்பு நம்பத்தக்கதாயிற்று. கண்டுபிடித்து வெளியிட்டதற்கும், குறை தீர்ந்ததற்கும் இடையே 11 ஆண்டுகள்.

இதற்கிடையில் அவ்வண்டியின் பெயர் வரலாற்று நூல்களிலும் ஏறிவிட்டது. 1962 ஆகஸ்ட் 22ஆம் நாள் மாலை, பிரெஞ்சு அதிபர் டி கால், மனைவியோடும் மருமகனோடும் டி.எஸ். வண்டியில் சென்றுகொண்டிருந்தார். அல்ஜீரியாவுக்கு விடுதலை அளித்ததைப் பொறாத கூட்டத்தார் பாரிஸுக்கு அருகிலுள்ள பெத்தி கிளமார் என்னுமிடத்தில் இயந்திரத் துப்பாக்கிகளுடன் காத்திருந்தனர். பல குண்டுகள் வண்டியைத் துளைத்தன, பின்கண்ணாடி நொறுங்கியது, டயர்கள் கிழிந்தன. ஓட்டுநர் மரூ வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி நிலைதடுமாறிக் கவிழாமல் ஓடித் தப்பியது. வண்டியில் இருந்த ஒருவருக்கும் குண்டுக்காயம் இல்லை. அன்று டி காலைக் காத்தது வண்டி மட்டுமே என்று சொல்வது மிகை. ஓட்டுநரின் மனத்திண்மைக்கும் அதில் பங்கு உண்டு. எனினும் முன்சக்கரங்கள் இழுக்கும் அமைப்பும், பாரத்தைச் சமன் செய்யும் அமைப்பும் அந்த ஓட்டுநரின் கைக்குத் துணை நின்றன என்பதில் ஐயமில்லை. டயர் கிழிந்தாலும் நிமிர்ந்து ஓட வல்லது அவ்வண்டி.

பந்தயங்களிலும் அது பேர் பெற்றது. மலைப்பாதையும் பனியும் நிறைந்த மாண்டி கார்லோ பந்தயத்தில் 1959இல் ஐ.டி. வண்டி வென்றது. 1965இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் சில்வர் ஷாடோ வண்டி, உயரம் சமன் செய்யும் அமைப்பைச் சிட்ரோயனிடமிருந்தே உரிமை பெற்று ஏற்றது. செல்வச் சிறப்புக்குப் பேர்போன ஆங்கில நிறுவனம், பட்டம் பெறாத ஒரு பிரெஞ்சுத் தொழிலாளியின் அறிவை விலைகொடுத்து வாங்கியது என்று இதைச் சொல்லலாம். 1967இல், திருப்பு சக்கரம் திரும்பும் பக்கமே திரும்பி வளைவுக்கு அப்பால் ஒளி பாய்ச்சும் முன்விளக்குகள் டி.எஸ். வண்டியில் வந்தன. லெஃபேவ்ரும் பெர்த்தோனியும் இதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. இருவருமே 1964இல் மறைந்தனர்.

1975 ஏப்ரல் மாதத்தோடு டி.எஸ். உற்பத்தி முடிவுற்றது. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 14.5 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. அதே வேளையில் நிறுவனம் இரண்டாம் முறையாகப் பணமுடையில் சிக்கி, 1974 முதல் 1976 வரையான காலத்தில் பேழோ நிறுவனத்தின் கைக்குச் சென்றது. இதைக் கண்டு, புதுமை செய்பவன் அழிவது விதி என்று சிலர் முடிவு கட்டுவர். அது பொருந்தாது. இம்முறை நிறுவனத்தை வீழ்த்தியது டி.எஸ். அன்று. சுழல் எஞ்சின் முயற்சியில் போட்ட முதல், 1968இல் இத்தாலியின் மசராட்டி நிறுவனத்தை ஏற்ற சுமை, 1973இல் எண்ணெய் விலை ஏறியதால் விற்பனை சரிந்தமை, இவை ஒன்றுசேர்ந்து வீழ்த்தின. டி.எஸ். இருபது ஆண்டு அந்நிறுவனத்துக்குச் சோறு போட்ட வண்டி.

ஷவெல் தொழிற்சாலை இருந்த இடத்தில் 1992 முதல் ஆந்திரே சிட்ரோயன் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது. வாயுவும் திரவமும் தாங்கும் முறை வழிவழியாகத் தொடர்ந்து, 2017ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் நின்றுபோனது. எஃகு வில்லும் ரப்பரும் இதற்குள் வெகுவாகத் திருந்திவிட்டன; மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன; மாஜெஸின் முறைக்கு ஆகும் செலவு மிகுதியாகத் தோன்றலாயிற்று. ஆகவே எஃகு வில்லே கடைசியில் வென்றது எனலாம். ஆனால் தோற்ற முறை வென்ற முறையைத் திருத்திவிட்டே சென்றது. ஒரு வண்டி இவ்வளவு அமைதியாக ஓடமுடியும் என்று உலகுக்குக் காட்டிய பின்னர், குலுக்கலைப் பொறுத்துக்கொள்ள யாரும் விரும்பவில்லை.

டி.எஸ். வண்டியைப் போற்றுவோர் பெரும்பாலும் 1955ஆம் ஆண்டின் அந்த ஒரு நாளையே போற்றுவர். அந்தப் போற்றுதலில் பாதியையேனும் 1966ஆம் ஆண்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. திரை விலகும்போது கைதட்டுவதற்கு ஆயிரம் பேர் இருப்பர். கசியும் குழாயையும், துருப்பிடித்த உருளையையும், பட்டறைக்காரரின் கோபத்தையும் பதினோரு ஆண்டு பொறுத்திருந்து, எண்ணெயின் குணத்தையே மாற்றிக் குறையைத் தீர்த்தவர்களுக்குக் கைதட்ட யாரும் கூடவில்லை. வாயுவின் இயல்பைப் பாயிலும், திரவ அழுத்தத்தின் இயல்பைப் பாஸ்கலும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அதை ஒரு குடும்பம் ஏறி அமர்ந்து அச்சமின்றி ஊர் போய்ச் சேரும் வண்டியாக ஆக்குவதற்கு, கற்பனையோடு அந்தப் பொறுமையும் தேவைப்பட்டது.